மச்சாளின் பானையும் என் மனிசனின் ஈரலும்

என் குசினியில் சீனி இருந்ததுதான். இல்லையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எந்த வீட்டுக் குசினியில்தான் சீனி இல்லை? ஆனால் அந்தச் சீனியை அள்ளி அள்ளி என் மனிசனுக்கு நான் ஊட்டிவிட்டேன் என்று யாழ்ப்பாணக் கரையில் எங்கள் குருநகர் முழுவதும் ஒரு கதை ஓடியது பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொதி வரும். கதையைக் கட்டிவிட்டவர் வேறு யாருமில்லை. அவருடைய கூடப்பிறந்த தமக்கை, என் மச்சாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் முதல் மாதங்கள் அவை. இரவில் கடலுக்குப் போக யாரும் தடை போடாத காலம். பின்னேரம் வெயில் தணிய வள்ளங்கள் வெளிக்கிடும், விடியத் திரும்பி வரும். மச்சாளின் புருசனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதில் என் மனிசன் சுக்கான் பிடித்தார். வலை இழுப்பதற்குக் கையில் பலம் உள்ள எவரும் போகலாம். சுக்கானைப் பிடிப்பதற்கு நீரோட்டம் தெரிய வேண்டும், காற்றுத் தெரிய வேண்டும், எந்த இடத்தில் அடியில் கல் கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சுக்கானடிப் பலகையில் இருக்கும்போது மட்டும்தான் அவர் நிமிர்ந்து இருந்ததை நான் கண்டிருக்கிறேன். கரையில் இறங்கிவிட்டால் பூனை மாதிரி. யார் எதைச் சொன்னாலும் ‘ஓம்’ என்பார். தமக்கை சொன்னால் இரண்டு தரம் ‘ஓம்’ என்பார்.

வருத்தம் காலில் தொடங்கியது. வலையில் வந்த மீனைத் தரம் பிரிக்கும்போது கெளிற்று முள் ஒன்று பாதத்தில் குத்திவிட்டது. எத்தனையோ முள் குத்திய கால்தான் அது; இரண்டு நாளில் மாறிவிடும். இந்த முறை மாறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன், மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசினேன், காயம் வாயைத் திறந்தபடியே கிடந்தது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சலரோகம் என்றார்கள். எங்கள் பேச்சில் சீனி வருத்தம்.

விழுங்கக் குளிசை தந்தார்கள். இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தோம். நான் குரக்கன் மாவில் பிட்டு அவித்தேன். தேத்தண்ணியை வெறுமனே கொடுத்தேன். சீனிப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக்கூடச் சீனி இல்லாத தேத்தண்ணிதான். அடுத்த மாதம் இரத்தத்தில் சீனி குறையவில்லை. அதற்கடுத்த மாதம் இன்னும் கூடியிருந்தது.

கிளினிக்கில் துண்டு எழுதும் மனிதர் ஒரு சிரிப்புச் சிரித்து, “வீட்டிலை நல்ல கவனிப்புப் போலை கிடக்கு,” என்றாராம். இதை என் மனிசன் நேரே போய்த் தமக்கை வீட்டில் சொல்லிவிட்டார். அவருக்கு மறைக்கத் தெரியாது. மச்சாளுக்கு அது போதும்.

“கவனிப்பு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதே,” என்று சந்தையில் நின்று சொல்லியிருக்கிறார். “தொதல் கிண்டுறாள், பனங்காய்ப் பணியாரம் சுடுறாள், அவனை இனிப்பாலை கட்டி வைச்சிருக்கிறாள். அவன் பாவம், தாறதைத் தின்னுறான்.”

நான் கடைசியாகத் தொதல் கிண்டியது போன நத்தார்ப் பெருநாளுக்கு. அதிலும் பாதியை மச்சாள் வீட்டுக்குத்தான் கொடுத்தேன். கேட்டால் ருசியாக இருந்தது என்றுதான் சொல்வார்.

வாய்க்கதையோடு போயிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கதைத்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் கிளினிக்கில் அப்போது இருந்த டொக்டர், அடுத்த மாதமும் இப்படியென்றால் ஊசிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊசி என்றால் ஒருநாள் போட்டு முடிகிற ஊசியில்லை, ஒவ்வொரு நாளும். அதைக் கேட்டதும் மச்சாளின் புருசன் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். நல்ல மனிதர், அதிகம் கதைக்கமாட்டார்.

“ஊசி போடுற ஆளைச் சுக்கானிலை வைச்சுக்கொண்டு நான் கடலுக்குப் போகேலாது,” என்றார். “நடுக்கடலிலை தலையைச் சுத்தி விழுந்தால் நாலு சீவன். நீயே யோசிச்சுப் பார் தங்கச்சி. கரையிலை ஐஸ் உடைக்கிற வேலை எப்பவும் இருக்கு.”

என் மனிசன் ‘ஓம் அத்தான்’ என்றார். 

ஐஸ் உடைப்பது ஒன்றும் குறைவான வேலையில்லை, அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் இந்த மனிதரை எனக்குத் தெரியும். சுக்கானை விட்டு இறங்கினால், இறங்கச் சொன்னதற்கும் ‘ஓம்’ சொல்லிக்கொண்டு இறங்குவார். அதற்குப் பிறகு ஒருநாளும் நிமிரமாட்டார். மனிசன் உயிரோடு இருப்பார், ஆள் இருக்கமாட்டார். அந்தப் பயத்தில்தான் அடுத்த கிளினிக்குக்கு நானும் வெளிக்கிட்டேன்.

அங்கே புது டொக்டர் வந்திருந்தார். கோப்பாய்ப் பக்கத்துப் பெண், நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீறு. முன்னைய துண்டுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கேட்க முதலே நான் தொடங்கிவிட்டேன்.

“டொக்டர், மாதாவாணை எங்கடை வீட்டிலை இனிப்பு இல்லை. சீனி அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கு. திறப்பு இந்தா இடுப்பிலை கிடக்கு. வேணுமெண்டால் வந்து பாருங்கோ. இவர் கள்ளமாய்த் தின்னுற ஆளுமில்லை. ஊர் முழுக்க என்னை நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கினம்.”

“இருங்கோ, இருங்கோ,” என்றார் டொக்டர். “நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லையே.” பிறகு அவரைப் பார்த்து, “வெறும் வயித்தோடைதானே வந்தனீங்கள்?” என்றார்.

“ஓம் டொக்டர்.”

“கடைசியாய் எப்ப சாப்பிட்டனீங்கள்?”

“பூசைக்குப் போற மாதிரித்தான் வந்தனான்.”

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. என் மனிசனே விளக்கினார்: முதன்முதல் வந்த அன்று துண்டு எழுதியவர், இவர் குருநகர்க் கத்தோலிக்கர் என்று கண்டு, ‘பூசைக்குப் போற மாதிரி வெறும் வயித்தோடை வாங்கோ’ என்று சொல்லியிருக்கிறார். இவரும் அப்படியே செய்திருக்கிறார்.

“அப்ப பூசைக்கு முதல் எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருப்பியள்?” என்று டொக்டர் கேட்டார்.

“ஒரு மணித்தியாலம்,” என்றார் என் மனிசன். பிறகு கொஞ்சம் பெருமையோடு, “நான் எப்பவும் அதுக்கு மேலைதான் விடுறனான்,” என்றார்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். கோப்பாயில் பூசைக்கு விரதம் என்றால் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. எங்களுக்கு அப்படியில்லை. என் சின்ன வயதில் கோயிலில் நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்குவதென்றால் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. பிறகு திருச்சபை அதைத் தளர்த்தி ஒரு மணித்தியாலம் போதும் என்றுவிட்டது. கடல்தொழில் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி! ஞாயிறு விடிய வள்ளத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, கை காலைக் கழுவிக்கொண்டு, மணியைக் கணக்குப் பார்த்து நன்மைக்கு நிற்கலாம். என் மனிசன் கிளினிக்குக்கும் அந்தக் கணக்கையே வைத்திருக்கிறார். கடலால் நேரே வந்து, கிளினிக் வாசலில் கிடக்கிற நீள வாங்கில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலத்தைப் பக்தியோடு கழித்துவிட்டு, கையை நீட்டியிருக்கிறார்.

டொக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பதா, இந்த மனிதரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. 

“அப்ப கடலிலை என்ன சாப்பிடுறனீங்கள்?” என்று டொக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

அங்கேதான் மச்சாளின் பானை வந்தது. வள்ளக்காரர் வீட்டிலிருந்துதான் கடல்சோறு போக வேண்டும் என்பது எங்கள் வள்ளத்து வழக்கம். மச்சாள் ஒரு பெரிய பானையில் நாலு பேருக்குச் சோறு போட்டு, அதன்மேல் வாழையிலை வைத்து, இலைக்குமேல் மீன்குழம்புச் சட்டியை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டி அனுப்புவார். கரையில் பின்னேரம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் சாமத்தில்தான் நாலு பேரும் பானையைச் சுற்றிக் குந்துவார்கள். திரும்பி வரும்போது அடியில் கிடக்கிற சோற்றைக் குழம்போடு குழைத்து வழித்துத் தின்பது சுக்கான் பிடிப்பவரின் உரிமை. அந்த உரிமையை என் மனிசன் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

டொக்டர் அவரை ஒரு இரவு கடலுக்குப் போகாமல் நிற்கச் சொன்னார். பொழுதுபட முதல் சாப்பிட்டு, பிறகு ஒன்றுமே வாயில் வைக்காமல், விடிய வரச் சொன்னார். அப்படியே போனோம். சீனி குறைந்திருந்தது. நான் ‘ஆண்டவரே’ என்று நெஞ்சில் கைவைக்க, டொக்டர் தலையை ஆட்டினார்.

“குறைஞ்சதுதான். ஆனால் இன்னும் கூடத்தான் நிக்குது. இது சாப்பாட்டாலை வந்த சீனி இல்லை. இது ஈரல் போட்ட சீனி.”

“ஈரலுக்குச் சீனி எங்காலை, டொக்டர்?”

“பகலிலை சாப்பிட்டதிலை ஒரு பங்கை ஈரல் எடுத்து வைச்சுக்கொள்ளும். பொழுதுபட்டால் அது என்ன நினைக்கும் தெரியுமே? இனி ஆள் படுத்திடும், விடியுமட்டும் சாப்பாடு வராது எண்டு நினைக்கும். எடுத்து வைச்சதைக் கொஞ்சம் கொஞ்சமாய் இரத்தத்துக்கு விடும். விடியப்போற நேரம், ஆள் எழும்பி வேலைக்குப் போகப்போகுது எண்டு இன்னும் கொஞ்சம் கூட விடும். சீனி வருத்தக்காரரின்ரை ஈரலுக்கு அந்தக் கையை நிப்பாட்டத் தெரியாது, அள்ளி விடும்.”

“இவர் இரவிலை படுக்கிறேல்லையே.”

“அது ஈரலுக்குத் தெரியாது. அதின்ரை நேரத்துக்கு அது தன்ரை வேலையைச் செய்யும். இவரோ அந்த நேரம் பானையோடை குந்தியிருக்கிறார். உள்ளுக்கு ஈரலும் குடுக்குது, வெளியாலை சோறும் போகுது. ஒரு ஆளுக்கு ரெண்டு வீட்டுச் சாப்பாடு.”

எனக்கு அது சட்டென்று விளங்கியது. எங்கள் வீதியில் பாதிப் பேர் பகலில் படுப்பவர்கள். ஊர் உலகம் மத்தியானச் சோறு தின்னும்போது எங்கள் வீடுகளில் குறட்டைச் சத்தம் கேட்கும். நாங்கள் தலைகீழாகச் சீவிக்கிறோம், உள்ளே இருக்கிற ஈரல் மட்டும் கோப்பாய்த் தோட்டக்காரர் மாதிரிப் பொழுதோடு எழும்பிப் பொழுதோடு படுக்கப் பார்க்கிறது. இப்போது இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஈரலின் கலங்களுக்குள்ளேயே ஒரு மணிக்கூடு ஓடுகிறதாம். மூளையின் மணிக்கூடு வெளிச்சத்தைப் பார்த்து ஓட, ஈரலின் மணிக்கூடு சாப்பாட்டு நேரத்தையும் பார்த்து ஓடுமாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் உடம்பு தடுமாறுமாம். அண்மையில் பத்திரிகையில் வாசித்தேன். எழுதியவர்கள் மச்சாளின் பானையைக் கண்டிருந்தால் வெகு சுருக்கமாக எழுதியிருப்பார்கள்.

டொக்டர் சொன்ன வழி இதுதான். கடலுக்கு ஏற முதல், பொழுதுபட முதல், கரையில் இருந்து சாப்பிட வேண்டும். கடலில் தண்ணீரும் வெறும் தேத்தண்ணியும் மட்டும். விடிய வந்து கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு இருட்டான அறையில் படுக்க வேண்டும். எழும்பிய பிறகு மத்தியானச் சாப்பாடு. குளிசையையும் அந்த நேரங்களுக்கு மாற்றி எழுதித் தந்தார். கூடவே ஒரு போத்தல் நீல மருந்தும் ஒரு கண்ணாடிக் குழாயும் வாங்கச் சொன்னார். குழாயில் நீல மருந்தை விட்டு, சலத்தில், அதுதான் சிறுநீரில், சில துளி சேர்த்து, கொதிநீருக்குள் வைக்க வேண்டும். செங்கல் நிறமாக வந்தால் சீனி நிறைய. மஞ்சள் என்றால் குறைவு. பச்சை என்றால் இன்னும் குறைவு. நீலம் நீலமாகவே நின்றால் சலத்தில் சீனி இல்லை.

“ஒரு மாதம் பாப்பம்,” என்றார் டொக்டர். “கஷ்டம்தான். பழகின வயிறு பழகின நேரத்துக்குக் கேக்கும்.”

வயிற்றை விடுங்கள். எனக்கு முன்னால் நின்றது மச்சாள்.

அன்று பின்னேரமே போனேன். மச்சாள் முற்றத்தில் பானையைக் கட்டிக்கொண்டிருந்தார். மச்சாளின் கைருசியை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் குழம்பு வாசத்துக்கு வீதியால் போகிறவன் சைக்கிளை நிறுத்துவான். ஆனால் எனக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

“இனி அவர் கடலிலை இதைச் சாப்பிடமாட்டார், மச்சாள்.”

மச்சாள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஏன், என்ரை கை நஞ்சோ?”

“கையிலை ஒரு பிழையும் இல்லை. நேரம்தான் பிழை.”

“சோத்துக்கு நேரமோ? பசிச்சால் தின்னுறதுதானே.”

“ஈரலுக்கு ஒரு நேரம் இருக்காம். டொக்டர் சொன்னவ.”

“ஈரலுக்கு மணிக்கூடு கட்டிவிட்டது ஆராம்? உன்ரை கோப்பாய் டொக்டரோ?”

முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கொதி உச்சந்தலைக்கு ஏறியது.

“மச்சாள், நீங்கள் ஊரெல்லாம் என்ரை குசினியைப் பற்றிக் கதைச்சியள். நான் ஒரு வார்த்தை திருப்பிக் கதைக்கேல்லை,” என்றேன். அது சுத்தப் பொய், நான் நன்றாகவே கதைத்திருந்தேன். “எனக்கு ஒரு மாதம் தாங்கோ. நீங்களே சமையுங்கோ. அதே சோறு, அதே குழம்பு. பொழுதுபட முதல் அவருக்குக் கரையிலை போட்டுக் குடுங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

“மற்ற மூண்டு பேரும் கடலிலை இருந்து தின்ன, என்ரை தம்பி வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?” என்று கேட்டார் மச்சாள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவர்களுடைய தாய் வேளையோடு கண்ணை மூடிவிட்டார். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தது மச்சாள்தான். அவன் நடுக்கடலில் பசியோடு இருக்கிறான் என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு அது விளங்கியது, மனசும் இளகியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே இருந்த மச்சாளின் புருசன் வாசலுக்கு வந்தார். “சரி. ஒரு மாதம் பாப்பம்,” என்றார். “வாற கிளினிக்கிலை இரத்தம் சரியெண்டால் அவன் சுக்கானிலை இருக்கட்டும். இல்லையெண்டால் கொழும்புத்துறையாலை ஒரு ஆள் வரக் கேட்டிருக்கிறான், அவனைப் பிடிக்கிறன். பேந்து ஒருதரும் என்னிலை குறை சொல்லக்கூடாது.”

அடுத்தநாள் தொடக்கம் என் மனிசன் கரை மணலில் சம்மணம் கட்டி இருந்து, தமக்கை போட்டுக் கொடுத்த சோற்றை வெயிலோடு சாப்பிட்டுவிட்டு வள்ளம் ஏறினார். முதல் சில நாட்கள் விடிய வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வலையைப் போட்டிட்டுக் குந்தினால் வயிறு மணியடிக்குதப்பா,” என்றார். “அவங்கள் பானைத் துணியை அவிழ்க்கிற சத்தத்துக்கே வாயூறுது.”

“பிறகு என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது. சுக்கானைப் பிடிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தனான்.”

எல்லாருக்கும் ‘ஓம்’ சொல்கிற மனிதர், மூன்று பேர் ‘ஒரு பிடி எடு’ என்று நீட்டிய கைக்கு ‘வேண்டாம்’ சொல்லியிருக்கிறார். குசினிக்குள் போய் நின்று அழுதேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பகலில் அவர் நித்திரை கொள்வதற்கு நான் காவல். யன்னலுக்குச் சாக்கு அடித்தேன். சைக்கிள் மீன்காரரின் ஹோர்ன், பக்கத்து வீட்டு றேடியோ, கூரையில் கொத்துகிற காகம், எல்லாவற்றோடும் சண்டை. விளக்குமாறும் கையுமாக நான் படலையில் நிற்பதைக் கண்டு, பாண்காரர் எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். என்னை விசரி என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

நீல மருந்துச் சோதனையைப் பார்க்க மச்சாள் தவறாமல் வருவார். நான் ஏதாவது கள்ளம் செய்வேன் என்று பயம். முதல் நாள் குழாயைக் கொதிநீரால் எடுத்தபோது நல்ல செங்கல் நிறம். மச்சாள் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். அந்த உறிஞ்சலுக்கு ஒரு அறை கொடுக்கலாம் போலிருந்தது. பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள். இடையில் ஒருநாள் திரும்பவும் செங்கல். விசாரித்தால், வள்ளத்தில் யாரோ தங்கள் மகனின் பிறந்தநாளுக்கென்று பானையில் இருந்து ஒரு கவளத்தை வாயில் திணித்திருக்கிறார்கள், அதன்பின் இவரால் நிறுத்த முடியவில்லை. அடுத்த பின்னேரம் மச்சாளே கரைக்குப் போய் அந்த மூன்று பேரையும் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாதம் பாதிக்கு மேல் போன பிறகு ஒருநாள் விடிய வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இண்டைக்கு அவங்கள் எப்ப சாப்பிட்டவங்கள் எண்டே எனக்குத் தெரியாது,” என்றார். சாமத்தில் மணியடித்துக்கொண்டிருந்த வயிறு அடிக்க மறந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பின்னேரம் நிழல் நீளத் தொடங்க, சோறு எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டார். மச்சாள் பானையோடு வரக் கொஞ்சம் சுணங்கினால் கரைக்கும் வீதிக்குமாக நடப்பார். உடம்பு புது நேரத்தைப் படித்துவிட்டது. காலில் கிடந்த காயமும் ஓரத்தால் மூடிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமைதான் குழாயில் நிறத்தைப் பார்த்து நானும் மச்சாளும் சண்டை போட்டோம். நான் பச்சை என்றேன், அவர் மஞ்சள் என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். கடைசியில் மச்சாள், “சரி, உன்ரை ஆசைக்குப் பச்சை எண்டு வை,” என்றார். அவருடைய முகத்தில் சிரிப்பு ஒன்று வந்து போனதை நான் கண்டேன். சில நாளில் சண்டைக்கு இடமே இருக்கவில்லை. குழாய் கொதித்துக்கொண்டு கிடந்தது, நீலம் நீலமாகவே நின்றது. நாங்கள் இருவரும் அடுப்படியில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளினிக் நாள் வந்தது. கடலால் நேரே வந்தவரை மச்சாளும் நானும் நடுவில் வைத்து, வாங்கில் இருந்தோம். “ஒரு மணித்தியாலக் கணக்கு இல்லைத்தானே?” என்று மச்சாள் இரண்டு தரம் கேட்டார். பொழுதுபட்டதிலிருந்து தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் செபமாலையை எத்தனை தரம் உருட்டினேனோ தெரியாது. இதில் தோற்றால் என் குசினியின் மானம் போவது ஒரு பக்கம் கிடக்கட்டும். அன்று பின்னேரம் வள்ளம் அவர் இல்லாமல் வெளிக்கிடும்.

மத்தியானம் டொக்டர் கூப்பிட்டார். துண்டைப் பார்த்தார், பழைய துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“ஊசி வேண்டாம்,” என்றார். “குளிசையே காணும். இதே மாதிரி நடத்துங்கோ.”

என் மனிசன் ‘ஓம்’ என்றார்.

“ஆர் சமைக்கிறது?” என்று டொக்டர் கேட்டார்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மாதக்கணக்காகக் கேட்ட பேச்சுக்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். மச்சாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

“பின்னேரச் சாப்பாடு இவதான்,” என்றேன். “அதுதான் முக்கியமான சாப்பாடு.”

“நல்ல கை, அம்மா,” என்றார் டொக்டர். “நேரம் மட்டும் தப்பாமல் பாத்துக்கொள்ளுங்கோ.”

மச்சாள் வீதி முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். வீட்டுப் படலையில் பிரியும்போது, “கொஞ்சம் வெள்ளனவாய் வா கரைக்கு,” என்றார்.

போனேன். போய்ப் பார்த்தால் வள்ளத்தில் ஏற்கெனவே மூன்று பேர் ஏறியிருந்தார்கள். அதில் ஒருவர், சுக்கானடிப் பலகையில், கொழும்புத்துறை ஆள். கிளினிக் முடிவு எப்படியும் சரிவராது என்று நினைத்து மச்சாளின் புருசன் காலையிலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார். இப்போது வந்த ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை, வள்ளத்தின் மறுபக்கம் நின்று கயிற்றை அவிழ்க்கிற மாதிரிப் பாவனை செய்துகொண்டிருந்தார். என் மனிசன் முழங்கால் தண்ணீரில் நின்றார். “பறவாயில்லை அத்தான், இண்டைக்கு அவர் போகட்டும்,” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியும், இன்றைக்கு ஒருநாள் விட்டால் அந்தப் பலகை போனதுதான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என்னைத் தாண்டிக்கொண்டு மச்சாள் தண்ணீருக்குள் இறங்கினார். இரண்டு கையிலும் பானை. சேலை நனைவதையும் பார்க்கவில்லை.

“எழும்பும் தம்பி,” என்றார் கொழும்புத்துறை ஆளைப் பார்த்து.

“அண்ணைதான் வரச்சொன்னவர் அக்கா.”

“அண்ணை ஆயிரம் சொல்லுவார். இந்த வள்ளத்துக்குச் சமைக்கிறது நான். ஆர் ஆருக்குச் சமைச்சனான் எண்டு எனக்குத் தெரியும். உமக்கு இதுக்குள்ளை சோறு இல்லை.”

புருசன் இன்னும் அந்தக் கயிற்றையே அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொழும்புத்துறை ஆள் அவரை ஒருமுறை பார்த்தார், பானையை ஒருமுறை பார்த்தார், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். மச்சாள் அங்கேயே, வள்ளத்தின் விளிம்பில் பானையை வைத்து அவிழ்த்து, வாழையிலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றித் தன் தம்பியின் கையில் கொடுத்தார். வெயில் இன்னும் இருந்தது. என் மனிசன் தண்ணீரில் நின்றபடியே ஆறுதலாகச் சாப்பிட்டார். வள்ளத்தில் இருந்தவர்களும் மச்சாளின் புருசனும் அவர் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தார்கள், யாரும் ‘கெதியாய்’ என்று சொல்லவில்லை. கையைக் கடலில் கழுவிவிட்டு, ஏறி, போய்ச் சுக்கானைப் பிடித்தார். நான் கரையில் நின்று, ஊரெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.